நாற்காலியில் ஐந்து நிமிடம்

ஜனவரி 7, செவ்வாய்

இந்த டைரியைக் கொடுத்தது என் மகள் கோகிலா. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும்போது, "கடையில பேசுனது போக மிச்சம் இருந்தா இதுல எழுதுங்கப்பா" என்றாள். சலூன் வைத்திருப்பவனுக்குப் பேச்சில் என்ன மிச்சம் இருக்கும்? அதனால் இத்தனை நாளும் பக்கங்கள் காலியாகவே கிடந்தன. இன்று மிச்சம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது!

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. கடைத் துண்டுகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஷாஹிதா. பின்னால் இருந்தவர் வசந்தாமணி. வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறவர். இருவரையும் தூரத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, பேசியதில்லை.

"தனபால் அண்ணே, போன மாசம் தறிக்கூடத்துல ரங்கநாதன்னு ஒருத்தர் நின்னபடியே விழுந்து இறந்தாரே, தெரியுமா?" என்றார் டாக்டர்.

தெரியாமல் என்ன? முப்பத்தொன்பது வயது. அவனுக்குக் கடைசியாக முடி வெட்டியவன் நான்தான்.

"அவருக்கு பிரஷர் இருந்திருக்கு. அது அவருக்கே தெரியாது. ஓலப்பாளையத்துல பாதிப்பேர் தறி ஓட்டுறவங்க. நாங்க திறந்திருக்கிற நேரம் அவங்க ஷிஃப்டுல இருக்காங்க. வீட்டுக்குப் போனா பொம்பளைங்களும் வயசானவங்களும்தான் இருக்காங்க."

வசந்தாமணி குறுக்கே வந்தார். "எங்க தேடியும் அகப்படாத ஆம்பளைங்க, மாசம் ஒருக்கா உங்க நாற்காலியில வந்து ஆடாம அசையாம உக்காருறாங்களேங்க. அங்க ஒரு பிரஷர் மிஷின் வெச்சா…"

"சேரிங்க" என்றேன்.

"நான் இன்னும் கேட்டே முடிக்கலீங்க" என்று சிரித்தார்.

அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன், பாதித் துண்டுகள் சோப்புத் தண்ணீரிலேயே கிடந்தன.

ஜனவரி 8, புதன்

மதியம் கடையை அடைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். சுகாதார நிலையத்தின் பின்னறையில் வசந்தாமணிதான் சொல்லிக்கொடுத்தார்.

பட்டையை முழங்கைக்கு மேலே சட்டையில்லாத கையில் சுற்ற வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடக்கூடாது. கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் டீ, பீடி எதுவும் ஆகாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை பார்க்க வேண்டும். மேலே நூற்று நாற்பது, கீழே தொண்ணூறு. அதைத் தாண்டினால் சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பயமுறுத்தக்கூடாது, மாத்திரை பேர் சொல்லக்கூடாது.

"டாக்டர் வேலைய நாங்க பாத்துக்கறோம். நீங்க ஆள அனுப்பி வெச்சாப் போதும்."

முதலில் பட்டையைத் தலைகீழாகச் சுற்றினேன். முப்பது வருடமாகக் கழுத்தில் துணி சுற்றுகிறவன், ஒரு கையில் பட்டை சுற்றத் தெரியாமல் நின்றேன். அவரே என் கையில் சுற்றிக் காட்டினார். நூற்று நாற்பத்திரண்டு வந்தது. அப்போது அவருக்கு போன் வர, வெளியே போய்விட்டார். நானே திரும்பப் பார்த்தேன். நூற்று இருபத்து நான்கு. மிஷினில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று சொன்னேன். அவர் பேட்டரி மாற்றித் தந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

முதல் ஞாயிறு! எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலை ஆறரைக்கே கடை நிறைந்துவிட்டது. மிஷினைக் கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதலில் வந்தவன் பூபதி. பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங்கில் வேலை செய்கிறான், வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்ணா, முடி வெட்டறதோட ரத்தமும் எடுக்கறீங்களா?"

"ரத்தமெல்லாம் இல்லடா. கையக் குடு. அஞ்சு நிமிசம் வாய மூடிட்டு உக்காரு."

கடை முழுக்கச் சிரிப்பு. பூபதியை ஐந்து நிமிடம் பேசாமல் வைப்பதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஆனால் உண்மையில் கஷ்டப்பட்டது அவனில்லை, நான்தான். என் கடையில் டி.வி. ஓடும், நான் அதற்கு மேல் சத்தமாகப் பேசுவேன். கேட்கிறவன் தறிச் சத்தத்தில் காது மந்தமானவன் என்பதால் இன்னும் சத்தமாகப் பேசுவேன். இன்று டி.வி.யை அணைத்தேன். வாயையும் அணைத்தேன். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கத்தரிக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது.

பூபதிக்கு நூற்று எழுபது. வயது முப்பத்து நான்கு. இரண்டாம் தடவையும் அதேதான். வாய் நீளமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ரங்கநாதனும் நானும் ஒரே செட்டுங்ணா" என்றான்.

மத்தியானத்துக்குள் வரிசையில் இருந்தவர்களே கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முடி வெட்ட வேண்டாம், பிரஷர் மட்டும் பார்க்கிறேன் என்று கூட நாலைந்து பேர். இப்படி ஒரு ஞாயிறு என் கடைக்கு வந்ததில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோகிலா வந்திருந்தாள். நான் புதுச் சட்டை இரண்டு எடுத்திருப்பதைப் பார்த்து, "யாருக்குப்பா விசேஷம்?" என்றாள். பொங்கல்தான் விசேஷம் என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பூபதி போய்விட்டு வந்துவிட்டான்! டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பு, ஊறுகாய், பீடி மூன்றையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் கடையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பிரசங்கம் செய்தான்.

இன்னொரு நல்ல சேதி. புதன்கிழமைகளில் சுகாதார நிலையத்தை இரவு எட்டு மணிவரை திறந்து வைக்க டாக்டர் ஏற்பாடு செய்திருக்கிறார். ஷிஃப்டு முடித்துவிட்டு வரலாம். நான் அனுப்பியவர்கள் அந்த வரிசையில் நின்றதாக வசந்தாமணி சொன்னார்.

ஞாயிறு சாயங்காலம் அவர் கடைக்கு வந்து விவரம் எழுதிக்கொண்டு போகிறார். கடை வாசலில் நின்றே டீ குடிப்பார், சர்க்கரை இல்லாமல். நானும் சர்க்கரையை விட்டுவிட்டேன். உடம்புக்கு நல்லது.

வரும் வழியில் ஒன்று சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும்போது மார்வலி வந்து இறந்தாராம். "ஓரமா நிறுத்தி, வாயுத்தொல்லைன்னு சோடா வாங்கிக் குடிச்சிருக்காருங்க" என்றார். என் மனைவி சுமதி காய்ச்சலில் போனதைப் பற்றி நானும் சொன்னேன். எட்டு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

'வரும் வழியில்' என்று எழுதிவிட்டேன். பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். இருட்டிவிட்டது, அதனால்.

ஜனவரி 26, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் வந்தார். எங்கள் தெருவிலேயே பெரிய தறிக்கூடம் அவருடையது. இருபது வருட வாடிக்கை. அவர் ஒருவர் மாத்திரை போட்டால் அவரிடம் வேலை செய்கிற அத்தனை பேரும் போடுவார்கள். அதனால் நானே வற்புறுத்தினேன். "சேரி, மாட்டித் தொலை" என்று கையை நீட்டினார்.

நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றுப் பத்து. சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செரைக்கறவனெல்லாம் டாக்டராயிட்டானா? மிஷினும் பொய், நீயும் பொய்" என்று துணியை உருவிப் போட்டுவிட்டுப் பாதி முடியோடு போய்விட்டார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். அவர்களும் எழுந்து போனார்கள்.

நல்லது சொன்னால் இதுதான் கிடைக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

நாச்சிமுத்து கூடத்து ஆட்கள் யாரும் வரவில்லை.

ஜனவரி 29, புதன்

கடைக்கு வந்த வசந்தாமணியிடம் நடந்ததைச் சொன்னேன். பக்கபலமாகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"நம்பர எப்படிச் சொன்னீங்க?"

"எப்பவும் பேசற மாதிரிதானுங்க."

"எப்பவும் பேசற மாதிரின்னா?" என்று என்னையே பார்த்தார். "அவர் ஆளுக இருந்தாங்களா அங்க?"

இருந்தார்கள். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். உண்மையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். "யப்பா! நூத்தித் தொண்ணூறு!" என்று கத்தினேன். சந்தோஷமில்லை அது, பயமுமில்லை. ஏதோ பெரிய மீன் சிக்கின மாதிரி ஒரு வேகம். அதன் பிறகு, "மொதலாளி எப்ப வேணா வெடிச்சிருவாரு போல" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டேன். கடை சிரித்தது. அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

"ஒருத்தரோட நம்பர் அவர் காதுக்கு மட்டுமுங்க" என்றார் வசந்தாமணி. "அவர் உங்களப் பேசுனது தப்பு. ரொம்பத் தப்பு. அதுக்காக அவர விட்டுற முடியுமா? அந்த நம்பரோட ஒருத்தர் வெளிய சுத்திட்டு இருக்காருங்க."

இன்று டீ குடிக்காமல் போய்விட்டார்.

ஜனவரி 30, வியாழன்

யாரிடமும் அதிகம் பேசவில்லை. நாற்காலியில் இருந்த பையனூர் வாத்தியார், "உடம்பு சரியில்லையா தனபாலு?" என்று கேட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் நாச்சிமுத்து அண்ணன் தறிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே அவர் வேட்டி தெரிந்தது. ஒரு ஆள் வந்து, "மொதலாளி வெளியூரு போயிருக்காருங்க" என்றான். அப்படியே திரும்பினேன்.

கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பைச் சுமந்துகொண்டு சாயங்காலம் எங்கள் முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே நடந்தது வேறு!

டாக்டர் ஷாஹிதாவும் வசந்தாமணியும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் திடீரென்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். கடையில் இருபது பேர் முன்னால் பேசுகிறவனுக்கு அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. பூபதி கதையைச் சொன்னேன். ரங்கநாதன் கதையைச் சொன்னேன். அப்புறம் நான் கத்தின கதையையும் சொன்னேன். சொல்ல நினைத்து வரவில்லை, வந்துவிட்டது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? எவனாச்சும் செத்துப்போனா நம்ம மேல பழி வரும்."

பாலத்துக்கடை சின்னராசு எழுந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், அதிகம் பேசாதவன். "நம்ம சாதிக்கே மருத்துவர்னுதான பேரு. எங்க தாத்தன் கட்டிக்குக் கத்தி வெச்சாரு, எங்க அப்பத்தா பிரசவம் பாத்தாங்க. அதுல செரியானதும் இருந்துச்சு, தப்பும் இருந்துச்சு. இப்ப டாக்டரே வந்து, நீ பாத்து அனுப்பு, மீதிய நான் பாத்துக்கறேன்னு சொல்றாங்க. இதுக்கும் மாட்டேன்னா எப்படிங்க?"

கை தட்டல். பத்துக் கடைக்காரர்கள் பேர் கொடுத்தார்கள். பத்துக் கடை! வெளியே வந்ததும் வசந்தாமணி என்னிடம் வந்து, "நீங்க கத்துனதையும் சொன்னீங்க பாருங்க" என்றார். இன்று டீ குடித்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பத்துக் கடைக்காரர்களுக்கும் பயிற்சி. இந்தத் தடவை பட்டை சுற்றிக் காட்டியது நான். நம்பரை எப்படிச் சொல்வது என்று காட்டச் சொன்னார் வசந்தாமணி. குனிந்து, காதருகே, மெதுவாக. எல்லோருக்கும் முன்னால் சின்னராசு காதில் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஓலப்பாளையம் தலைகீழாகக் கிடக்கிறது! பஸ் ஸ்டாண்டு கடை, பாலத்துக்கடை, சந்தைக்கடை, எங்கு முடி வெட்டப் போனாலும் முதலில் ஐந்து நிமிட மௌனம். மெஸ் வைத்திருக்கிற அக்கா தட்டில் ஊறுகாய் வைப்பதை நிறுத்திவிட்டு, கேட்டால் மட்டும் தருகிறாராம். பூபதிக்கு இன்று நூற்று முப்பத்தாறு. நம்பரை அவன் காதில் சொன்னேன். அவனே எழுந்து நின்று கடைக்கு அறிவித்துவிட்டான். அது அவன் இஷ்டம்.

நாச்சிமுத்து அண்ணன் இப்போது பாலத்துக்கடைக்குப் போகிறார் என்று தெரிந்தது. சின்னராசுவிடம் கேட்டேன், பார்த்தாயா என்று. "பாத்தேனுங்ணா. நம்பர் கேக்காதீங்க" என்றான். அவன் சரி.

வசந்தாமணி இன்று வரவில்லை. தங்கை வீட்டு விசேஷமாம். டீ நன்றாகவே இல்லை. கடைக்காரர் தூள் மாற்றியிருக்கிறார் போல.

மார்ச் 5, புதன்

ஈரோட்டில், அரசு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி கடைப் பையிலேயே இருந்தது.

காலை பத்தரை இருக்கும். கடையில் ஆளில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நாச்சிமுத்து அண்ணன் வந்தார். நேராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சவரம் பண்ணு" என்றார். நான் நுரை குழைக்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். "நீ கத்திச் சொன்னே. அந்தப் பாலத்துக்காரன் காதுல சொன்னான். நம்பர் ஒண்ணேதான்டா."

"அண்ணா, அன்னைக்கு நான் பேசுனது…"

"நானும் பேசுனேன். விடு. பொழுதோட அந்த டாக்டரம்மாகிட்டப் போலாம்னு இருக்கேன். புதன்கிழமை எட்டு மணிவரைக்கும் இருப்பாங்களாமா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் முடித்து மறுபக்கம் திரும்பச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்ணா?"

"ஒண்ணுமில்ல. காலையிலிருந்தே நெஞ்சு கரிக்குது. வாயு. இந்தத் தாடை வேற… ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு."

சோடா என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் கையிலிருந்த கத்தி கீழே விழுந்துவிட்டது.

மிஷினைத் தொடவில்லை. நம்பர் பார்க்கிற நேரமில்லை அது. வாசலில் ஆட்டோக்காரர் இருந்தார். "அண்ணா, நடக்காதீங்க" என்றேன். அவர் எழ முயன்றார். "கிறுக்கா, வாயுடா இது" என்றார். நானும் ஆட்டோக்காரரும் பக்கத்துக் கடைக்காரரும் அவரை வெயிட்டிங் நாற்காலிக்கு மாற்றி, நாற்காலியோடு தூக்கிப் போய் ஆட்டோவில் ஏற்றினோம். சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான். போகிற வழியிலேயே வசந்தாமணிக்குப் போன் செய்தேன். "நாச்சிமுத்து அண்ணன். வேர்க்குது, தாடை வலிங்கறார், சோடா கேக்கறார்" என்றேன். "கூட்டிட்டு வாங்க. வாசல்ல நிக்கறேன்" என்றார்.

நின்றார். படுக்கையும் ஈசிஜி மிஷினும் தயாராக இருந்தன. டாக்டர் ஷாஹிதா அந்தத் தாளைப் பார்த்தார், அடுத்த நிமிடமே மாத்திரைகளை ஒன்றாக அண்ணனை விழுங்க வைத்தார். 108 வருவதற்குள் ஈரோட்டுக்குப் போன் போய்விட்டது. "ஹார்ட் அட்டாக்தான். சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார் என்னிடம்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவருடைய மகன் திருப்பூரில் இருக்கிறான், சாயங்காலம்தான் வருவான். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. என் கையை விடாமல் பிடித்திருந்தார். "தனபாலு, செத்துருவனா?" என்று கேட்டார். ஜம்பம் பேசுகிற என் வாய்க்கு அப்போது ஒரு பொய்யும் வரவில்லை. "தெரியலீங்ணா. ஆனா நேரத்துக்கு வந்துட்டோம்" என்றேன்.

உள்ளே கொண்டு போய் வெகு நேரம் ஆகிறது. அவருடைய மனைவி சரோஜா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

பிழைத்துவிட்டார்! அடைப்பை நீக்கிக் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று அங்கிருந்த டாக்டர் சரோஜா அக்காவிடம் சொன்னார். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வசந்தாமணிக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சோடான்னு சொன்னீங்களே, அப்ப எனக்குக் கையும் காலும் ஓடலீங்க" என்றார். "எனக்கும்" என்றேன். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்கே போய் சவரம் செய்துவிட்டேன். ஆள் இளைத்திருக்கிறார். கத்தி மட்டும்தான் சத்தம் போட்டது. முடிந்ததும், "எங்கூடத்து ஆளுகளுக்கெல்லாம் பாக்கோணும். கூட்டிட்டு வா" என்றார்.

"எல்லாரும் முடி வெட்ட வரும்போது பாத்துக்கலாமுங்ணா."

"இல்ல. கூடத்துக்கே வாங்க எல்லாரும். அந்தக் கடைக்காரங்களையும் கூட்டிட்டு வா."

"தறிச் சத்தத்துல பாக்க முடியாதுங்களே. அமைதியா உக்காரோணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தறிய நிறுத்திருவோம்" என்றார். நாச்சிமுத்து அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை ஊரே நம்பாது. நான் காதால் கேட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எழுதியே ஆக வேண்டும்.

பதினோரு கடைக்காரர்களும் மிஷினோடு தறிக்கூடத்துக்குப் போனோம். டாக்டர், வசந்தாமணி, இன்னும் இரண்டு செவிலியர்கள். நாச்சிமுத்து அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினார். ஸ்விட்சை அணைத்தார்கள். ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. கடைசித் தறி நின்றபோது ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்டிகைக்கு அடைக்கும்போதுகூட அவர்கள் இங்கே இருப்பதில்லை, வீட்டுக்குப் போய்விடுவார்கள். தறி நின்ற கூடத்துக்குள் அவர்கள் இருந்ததே இல்லை.

தறிகளின் பாவு நூல்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடம். எங்கோ வெளியே ஒரு காக்கை கத்தியது. ஒரு பெண்ணின் வளையல் சத்தம் கேட்டது. வயதான தறிக்காரர் ஒருவர், "எங்காதுல இன்னும் ஓடிட்டேதான் இருக்குது" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் உதட்டில் விரல் வைத்தார்.

பிறகு பதினோரு பேரும் குனிந்து, காதில் சொன்னோம். பெண்களுக்குச் செவிலியர்கள் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை டாக்டர் அங்கேயே தனியாக உட்கார வைத்துப் பேசினார். ஒரு பெண்ணுக்கு இருநூறைத் தொட்டிருந்தது. நாச்சிமுத்து அண்ணன் தன் காரிலேயே அவளைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். எண் என்னவென்று யாரிடமும் கேட்கவில்லை.

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. வசந்தாமணி நின்ற பக்கம் திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன்.

மார்ச் 30, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை என்ன சொன்னீங்க என்று கேட்கலாம் என்று நாள் முழுக்க நினைத்தேன். அவர் வந்தார், டீ குடித்தார், போனார். கேட்கவில்லை. வெயில் அதிகமாகிவிட்டது என்று பேசினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டிருந்தார். அடுத்த ஊர் சங்கத்திலும் கேட்கிறார்களாம். நானும் வசந்தாமணியும் போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். சாயங்காலம் இருவரும் சுகாதார நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வழியாக நடந்து வந்தோம். அந்தச் சங்கத்தில் எத்தனை கடை, எந்தப் பேருந்தில் போவது என்று பேசிக்கொண்டே வந்தேன். பாலத்தின் நடுவில் அவர் நின்றுவிட்டார்.

"தனபாலுங்க, பஸ்ஸப் பத்தித்தான் பேசோணுமா?"

"இல்லீங்க."

"அப்பப் பேசுங்க. அன்னைக்குத் தறிச் சத்தத்துல நாங் கேட்டதுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க. என்ன கேட்டேன்னாவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாமயே ஆட்டுனீங்களா?" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

கீழே ஆற்றில் தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன். அழகாகவெல்லாம் சொல்லவில்லை. நீங்க வராத ஞாயித்துக்கிழமை எனக்குக் கடையே கடையா இல்லீங்க, என் வீட்டுக்கு வந்துருங்க, இல்லாட்டி நான் உங்க வீட்டுக்கு வந்தர்றேன், என்று சொன்னேன். பேச்சுத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவன் சொன்னது அவ்வளவுதான்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "எங்க சனம் பேசும். உங்க பக்கமும் பேசுவாங்க."

"பேசுவாங்க."

"பேசட்டும்" என்றார். "நானும் அன்னைக்கு அதத்தான் கேட்டேன். உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்றீங்களா, நாஞ் சொல்லட்டுமான்னு."

அங்கேயே, பாலத்தின் மேலேயே, கோகிலாவுக்குப் போன் செய்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பாலத்தில் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"இப்பத்தானாப்பா சொன்னீங்க?" என்றாள் கோகிலா. "போன அவங்ககிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர்கள் இருவரும் வெகு நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.